எங்க வீட்டு டொல்பின் வேன், 20 வருஷம் ஓட்டுன பிறகு ஒரு ரிவியூ

மச்சான் ஒருத்தன் போன வாரம் கேட்டான், "பொகவந்தலாவைல ஒரு டொல்பின் பாத்து வச்சிருக்கேன் மச்சான், 94 மொடல், எடுக்கலாமா"னு. வொய்ஸ் மெசேஜ்ல பதில் சொல்ல ஆரம்பிச்சேன், பத்து நிமிஷம் போயும் முடியல, அதனால எழுதியே போட்டுர்றேன், இதே யோசனைல இருக்கிற வேற யாருக்காச்சும் உதவும். எங்க வீட்டுக்கு டொல்பின் வந்து கிட்டத்தட்ட 20 வருஷம் ஆகுது, அது உழைச்ச காசுலதான் நானும் தங்கச்சியும் படிச்சோம், அதனால நான் சொல்றதுல பாசம் கலந்துதான் இருக்கும், அத மொதல்லயே சொல்லிர்றேன்.

தெரியாதவங்களுக்கு, டொல்பின்ங்கிறது டொயோட்டா ஹயஸ் வேனுக்கு நம்ம இலங்கைல வச்ச செல்லப் பேரு. மொத ஹயஸ் 1967ல வந்துச்சு, 1982ல வந்த உருவத்த நம்ம ஆளுங்க ஷெல்னு சொல்றாங்க, 1989ல வந்த நாலாவது தலைமுறைதான் டொல்பின், மூக்கு வழவழனு வளஞ்சு வர்றதுக்கு அந்தப் பேரு நல்லாவே பொருந்துது, 2004க்கு அப்புறம் வந்தத கேடிஎச்னு சொல்றோம். எங்களது எல்எச் 113, உயரக் கூரை, த்ரீ எல் டீசல் என்ஜின், 2,779 சிசி. டர்போ கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது, பம்ப் டீசல அடிக்கும் என்ஜின் ஓடும், அவ்வளவுதான்.

அப்பா மொதல்ல தேயிலைத் தோட்டத்துல கொழுந்து லொறி ஓட்டுனாரு. 2006ல சீட்டு எடுத்த காசு, அம்மாவோட நகை, மிச்சத்துக்கு லீசிங், இப்படி எல்லாத்தையும் சேத்துதான் இந்த வேன் எங்க லயத்துக்கு, அதான் தோட்டத்துத் தொடர் வீட்டுக்கு, முன்னால வந்து நின்னுச்சு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கி மாரியம்மன் கோயில்ல பூச போட்டுத்தான் ரோட்டுக்கே எறக்குனோம். காலைல நோர்வூட்டுக்கும் ஹட்டனுக்கும் ஸ்கூல் பிள்ளைங்க, பகல்ல தோட்டத்துல யாருக்காச்சும் வலி வந்தா டிக்கோயா ஆஸ்பத்திரி, ராத்திரி பத்து மணிக்கு மேல கட்டுநாயக்க ஏர்போர்ட் ஹயர். அந்த ஏர்போர்ட் ஹயர்தான் மனசுக்கு கஷ்டம், அநேகமா குவைத்துக்கோ சவுதிக்கோ போற அக்காமார்தான் இருப்பாங்க, போகும்போது வேன் நெறைய ஆளு, திரும்பி வரும்போது ஒரு சீட் காலி, அந்த சீட்ட பாத்துக்கிட்டே சின்னப் பிள்ளைங்க தூங்கிருங்க, அப்பா ரேடியோவ கூட போட மாட்டாரு.

சரி வண்டிக்கு வர்றேன். 91 குதிரை வலுங்கிறது பேப்பர்ல சின்ன நம்பர்தான், ஆனா சிவனொளிபாத மலை சீசன் நேரம் மார்கழி பௌர்ணமில இருந்து வெசாக் வரைக்கும் மஸ்கெலியா வழியா நல்லதண்ணிக்கு 14 பேரையும் அவங்க பேக், போர்வை, சமைக்கிற சாமான் எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு இந்த வேன் ஏறுறத பாத்தவங்களுக்கு அந்த நம்பர் மறந்து போயிரும். வேகமா ஏறாது. செகண்ட் கியர்ல போட்டா அதே சத்தத்துல அதே இழுவைல மேல போய்க்கிட்டே இருக்கும், வளைவுல எதுக்கால பஸ் வந்து நிறுத்துனாலும் திரும்ப எடுக்கும்போது தெணறாது. பெரிய சிலிண்டர் டீசல், கீழ் வேகத்துலயே இழுவ வந்துரும், மலைல ஓட்டுறவனுக்கு வேண்டியது அதுதான். எறங்கும்போது எந்த கியர்ல ஏறுனமோ அதே கியர்ல எறங்கணும்னு அப்பா சொல்லுவாரு, பிரேக்க மட்டும் நம்பி எறங்குனா வாசம் வந்துரும், நானுஓயா பக்கமோ ரம்பொடை பக்கமோ போறவங்க எந்த வண்டில போனாலும் இத மறக்கக் கூடாது.

என்ஜின் முன் சீட்டுக்கு அடில இருக்கு. அதனால வேனோட நீளம் பூரா ஆளுக்கும் சாமானுக்கும்தான். இன்னொரு நல்லது, மூக்கு நீட்டா இல்லாததால ரோட்டோட விளிம்பு டிரைவர் கண்ணுக்கு நேரா தெரியும், தோட்டத்து ரோட்ல ஒரு பக்கம் தண்ணி ஓடுற கான், இன்னொரு பக்கம் பள்ளம், எதுக்கால கொழுந்து டிரக்டர் வரும், அந்த இடத்துல இது உயிர் காக்கிற விஷயம். விடியக்காலைல பனி கொட்டுற நேரம் ஸ்டார்ட் பண்ணணும்னா சாவிய பாதி திருப்பி ஹீட்டர் லைட் அணையிற வரைக்கும் பொறுத்தா போதும், பிடிச்சுக்கும்.

இனி இத செஞ்ச கொம்பனி பத்தி கொஞ்சம் சொல்லணும், நான் இத பத்தி தேடித்தேடி படிச்சதுக்கு காரணம் கினிகத்தேனை ஏத்தத்துல நடந்த ஒரு விஷயம், அத பின்னால சொல்றேன்.

டொயோட்டாவோட கதை கார்ல தொடங்கல, தறில தொடங்குது. சகிச்சி டொயோடா 1867ல பொறந்தவரு, அப்பா தச்சு வேலை, கிராமத்துல பொம்பளைங்க எல்லாம் கைத்தறில நெய்வாங்க, இவரு அம்மாவும் ராத்திரி வரைக்கும் நெய்வாங்க. அம்மா படுற பாட்ட பாத்து பாத்துதான் இந்தப் பையன் தறிய எப்படி லேசாக்கலாம்னு யோசிக்க ஆரம்பிச்சாருனு சொல்றாங்க, 1891ல மரத்தறி ஒன்னுக்கு காப்புரிமை வாங்கிட்டாரு. 1896ல விசைத்தறி செஞ்சாரு. அதுல ஒரு சங்கதி வச்சாரு பாருங்க, ஊடு நூல் அறுந்துச்சுனா தறி தானா நின்னுரும். அதுக்கு முன்னால நூல் அறுந்தது தெரியாம தறி ஓடிக்கிட்டே இருந்தா துணி பூரா பழுதாகும், அதுக்காகவே பக்கத்துல ஒரு ஆள் கண்ண எடுக்காம நிக்கணும். இது தானா நிக்கிறதால ஒரு ஆளு பல தறிய பாத்துக்கலாம், பழுதான துணியும் வராது.

இத அம்மாகிட்ட சொன்னேன். 30 வருஷம் கொழுந்து பறிச்ச கை அது, கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "மகன் அம்மாவ பாத்திருக்கான்ல"னு மட்டும் சொன்னாங்க.

1924ல மகன் கீச்சிரோவும் சேந்து ஜீ ரகத் தானியங்கித் தறிய முடிச்சாங்க, 1929ல இங்கிலாந்துல பிளாட் பிரதர்ஸ்னு அந்தக் காலத்துல பேர் போன தறிக் கொம்பனி அந்த உரிமைய 1 லட்சம் ஸ்டேர்லிங் பவுனுக்கு வாங்குச்சு. நம்ம தோட்டத்து ஸ்டோர்ல தேயிலை காயவைக்க பெல்பாஸ்ட்ல செஞ்ச சிரோக்கோ மெஷின்தான் வந்து எறங்குச்சு, அப்படி உலகத்துக்கே மெஷின் வித்துக்கிட்டு இருந்த வெள்ளைக்காரன் ஒரு தச்சர் மகன் வீட்டு தறிக்கு காசு குடுத்து உரிமை வாங்குனான்னு படிச்சப்ப எனக்கு நெஞ்சு நிமிந்துச்சு, நமக்கும் அந்தக் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாட்டியும்.

கீச்சிரோவுக்கு கார் மேலதான் ஆச. 1933ல தறிக் கொம்பனிக்குள்ளயே ஒரு கார் பிரிவு தொடங்குனாரு, 1935ல ஜீ1னு ஒரு லொறி, 1936ல ஏஏனு மொத கார், 1937ல டொயோட்டா மோட்டார் தனிக் கொம்பனி. குடும்பப் பேரு டொயோடா, அத டொயோட்டானு மாத்துனதுக்கு ஒரு காரணம் ஜப்பான் எழுத்துல டொயோட்டாவ எழுத 8 கோடு, அங்க 8 ராசியான நம்பராம். எங்க அப்பா வேன் வாங்கும்போது நம்பர் பிளேட்ட கூட்டிப் பாத்து 8 வரலனு உறுதியான பிறகுதான் அட்வான்சே குடுத்தாரு, நமக்கு 8னா சனீஸ்வரன், இத சொன்னா அப்பா இன்னமும் நம்ப மாட்டேங்கிறாரு.

அந்த ஜீ1 லொறி பத்தி முக்கியமா ஒன்னு சொல்லணும். இன்னிக்கி டொயோட்டானா வழில நிக்காதுனு பேரு, ஆனா அந்த மொத லொறி வழில நின்னுக்கிட்டே இருந்துச்சு. அந்த நேரம் வித்தவங்க என்ன செஞ்சாங்கன்னா, லொறி எங்க நின்னாலும் ஆள் அனுப்பி செஞ்சு குடுத்தாங்க, எது ஒடஞ்சுச்சுனு எழுதி எடுத்து பெக்டரிக்கு கொண்டு போய் அந்த சாமான திருத்துனாங்க. விக்கிற பக்கத்த பாத்துக்கிட்ட ஷொட்டாரோ கமியா ஜெனரல் மோட்டர்ஸ் ஜப்பான்ல இருந்து வந்தவரு. நம்பிக்கைங்கிற பேரு வானத்துல இருந்து விழல, நடு ரோட்ல நின்ன லொறிக்கு அடில படுத்து வாங்குன பேரு அது.

1950ல கொம்பனி முழுகப் பாத்துச்சு. கைல காசு இல்ல, பெரிய வேலைநிறுத்தம், ஆள் குறைப்பு, வேலைக்காரங்கள அனுப்ப மாட்டேன்னு சொல்லிக்கிட்டு இருந்த கீச்சிரோ கடைசில பொறுப்ப ஏத்துக்கிட்டு பதவிய விட்டு எறங்குனாரு. அதே மாசம் கொரிய யுத்தம் தொடங்குச்சு, அமெரிக்கப் படைக்கு லொறி ஓடர் வந்து கொம்பனி எந்திரிச்சுருச்சு, ஆனா அவரு 1952லயே 57 வயசுல போய்ச் சேந்துட்டாரு, நல்ல காலம் எதையும் பாக்கல. தோட்டத்துல வேலைநிறுத்தம், சம்பளப் போராட்டம் எல்லாம் பாத்து வளந்தவன் நான், எறங்கிப் போன அந்த மனுசன நெனச்சா எனக்கு மரியாத வருது, அனுப்பப்பட்ட அந்த வேலைக்காரங்க வீட்ட நெனச்சாலும் மனசு கனக்குது.

அதுக்கப்புறம் உள்ள கதை வேகமா போகுது, 1955ல கிரௌன், 1957ல அமெரிக்காவுக்கு அனுப்பி அங்க உள்ள ஹைவேல தாக்குப் பிடிக்காம திரும்புனது, 1966ல 1,077 சிசியோட கொரொல்லா. கொரொல்லாவ செஞ்ச தலைமை என்ஜினியர் தட்சுவோ ஹசெகாவா அதுக்கு முன்னால விமானம் வடிவமைச்சவரு. 1997ல உலகத்துல அதிகமா வித்த கார் பேருன்னு வொக்ஸ்வேகன் பீட்டில கொரொல்லா தாண்டுச்சு. நம்ம பக்கம் 1977ல இறக்குமதி தொறந்துவிட்ட பிறகுதான் ஜப்பான் வண்டிங்க குமிஞ்சுச்சு, ஜப்பான்லயும் நம்மள மாதிரியே இடது பக்கம் ஓட்டுறதால அங்க ஓடுன வண்டி அப்படியே இங்க ஓடும், ஸ்டியரிங் மாத்தத் தேவையில்ல. கொரொல்லா டிஎக்ஸ் வேகன் இன்னும் ஹட்டன் டவுன்ல ஓடுது, பாத்திருப்பீங்க.

இப்ப கினிகத்தேனை கதைக்கு வர்றேன். ஒரு தீபாவளிக்கு முந்தின நாள், கொழும்புல கடைல வேல செய்ற நம்ம பையன்கள ஏத்திக்கிட்டு வந்தோம், நானும் முன்னால இருந்தேன். கித்துல்கல தாண்டி ஏத்தம் தொடங்கி கொஞ்ச தூரத்துல அப்பா திடீர்னு ஓரங்கட்டிட்டாரு. பாத்தா சூட்டு முள்ளு மேல போக ஆரம்பிச்சிருக்கு, செவப்ப தொடக் கூட இல்ல. பின்னால இருந்து பையன்க, "அண்ணே ஹட்டன் கிட்டதானே, மெதுவா போயிருவோம், வீட்ல காத்துக்கிட்டு இருப்பாங்க"னு கெஞ்சுறானுங்க, மழை வேற. அப்பா சாவிய கழட்டி சட்டப் பைல போட்டுட்டாரு. "இப்ப நிறுத்துனா தண்ணியோட போகும், ஓட்டுனா ஹெட்டோட போகும்"னாரு, ஹெட்னா என்ஜினுக்கு மேல உள்ள சிலிண்டர் ஹெட். வேற வேன் பேசி பையன்கள ஏத்தி விட்டுட்டு நாங்க ராத்திரி பூரா அதுக்குள்ளயே இருந்தோம்.

மறுநாள் ஹட்டன்ல இருந்து மெக்கானிக் பாஸ் அய்யா வந்தாரு, சிங்களவரு, தமிழ் நல்லா பேசுவாரு, டீசல் என்ஜின்ல கை வச்சா வச்சதுதான். பாத்துட்டு தண்ணி பம்ப்ல ஒழுகுதுன்னாரு. வேற ஆளா இருந்தா பம்ப மாத்திட்டு காச வாங்கிட்டு போயிருப்பாங்க, இவரு கேள்விய நிறுத்தவே இல்ல. பம்ப் ஏன் ஒழுகுது, பெயரிங் போயிருக்கு. ஆறு மாசத்துக்கு முன்னால போட்ட பம்ப்ல பெயரிங் ஏன் போச்சு, பெல்ட் கம்பி மாதிரி இறுக்கி இருக்கு. யார் இறுக்குனா, ஏன், பெல்ட் கத்துதுன்னு ஒரு கராஜ்ல காட்டுனோம், அவங்க இறுக்கி விட்டாங்க. பெல்ட் ஏன் கத்துச்சு, எண்ணெய் பட்டு வழுக்கி இருக்கு. எண்ணெய் எங்க இருந்து வந்துச்சு, என்ஜினுக்கு மேல உள்ள மூடி, அதான் டெப்பட் கவர், அதோட பெக்கிங் செத்து ஓரமா கசிஞ்சு பெல்ட்ல சொட்டியிருக்கு. கடைசில பாத்தா அந்த பெக்கிங்தான் காரணம், பம்போட ஒப்பிட்டா அதோட விலை ஒன்னுமே இல்ல. பெக்கிங், பெல்ட், பம்ப் மூனையும் மாத்துனாரு, ஹெட்டுக்கு ஒன்னும் ஆகல, இன்னிக்கி வரைக்கும் அந்த ஹெட்ட கழட்டுனது கிடையாது.

ரெண்டு மூனு வருஷம் கழிச்சு கொழும்புல வேலைக்கு போன இடத்துல ஒரு டிரெய்னிங், அதுல டொயோட்டா உற்பத்தி முறைனு ஒரு பாடம். தைச்சி ஓனோனு ஒரு என்ஜினியர், பெக்டரில ஒரு பழுது வந்தா அஞ்சு தடவ ஏன்னு கேளுங்கனு சொல்லிக் குடுத்தாராம். பியூஸ் ஏன் போச்சு, பாரம் கூடிருச்சு, ஏன், பெயரிங்குக்கு எண்ணெய் போகல, ஏன், எண்ணெய் பம்ப் சரியா இழுக்கல, ஏன், தண்டு தேஞ்சிருக்கு, ஏன், வடிகட்டி இல்லாம இரும்புத் தூள் உள்ள போயிருக்கு. வடிகட்டி போடாம பியூஸ மட்டும் மாத்துனா திரும்பப் போகும். எனக்கு அங்க உக்காந்திருக்க முடியல, இது பாஸ் அய்யா கினிகத்தேனைல மழைக்குள்ள நின்னு கேட்ட கேள்வி. அடுத்த பக்கத்துல அந்த தறி கதை, அதே மாதிரி டொயோட்டா பெக்டரில வேல செய்ற ஒரு சாதாரண ஆளு ஏதாச்சும் பிழை கண்டா கயித்த இழுத்து லைனையே நிறுத்தலாம்னு. அப்பா சாவிய கழட்டி பைல போட்டது கண்ணு முன்னால வந்துச்சு. இவங்க ரெண்டு பேரும் இதெல்லாம் ஒரு எழுத்து படிச்சது கிடையாது.

அதனால இந்த வண்டிங்க ஏன் இவ்வளவு காலம் ஓடுதுன்னு யாராச்சும் கேட்டா, ராசின்னு நான் சொல்ல மாட்டேன். செஞ்சவன் பிழைய மூடி மறைக்காம நிறுத்தி நிறுத்தி செஞ்சிருக்கான், இங்க வச்சிருக்கிறவனும் அதே மாதிரி நிறுத்தி பாத்தா ஓடும், ஓட்டி அடிச்சா டொயோட்டாவும் செத்துரும். இன்னொரு பக்கம் ஸ்பெயார் பார்ட்ஸ். பஞ்சிகாவத்தைக்கு போனா இந்த வேனோட ஒரு ஸ்க்ரூ வரைக்கும் எடுக்கலாம், அங்க போக முடியாதவங்களுக்கு ஹட்டன்லயே அநேகமா எல்லாம் இருக்கு, செய்யத் தெரிஞ்ச கை ஒவ்வொரு டவுன்லயும் இருக்கு. ஆனா பெட்டிய பாத்து ஏமாறாதீங்க, ஒரிஜினல் மாதிரியே பெட்டி வருது, ஒரு கடைல நாங்களும் அப்படி ஏமாந்திருக்கோம், பழைய சாமான கைல கொண்டு போய் எடை, வார்ப்பு எழுத்து ரெண்டையும் ஒப்பிட்டு வாங்குங்க.

குறையும் சொல்லணும், இல்லாட்டி இது ரிவியூ ஆகாது. அந்தக் காலத்துல வந்த இந்த மாதிரி வேன்கள்ல முன்னால ஒன்னும் கிடையாது, டிரைவரோட முட்டிக்கு முன்னால தகடுதான், நேருக்கு நேர் அடிச்சா தாங்காது, அதனால பெல்ட் போடாம முன்னால யாரையும் ஏத்தாதீங்க, சின்னப் பிள்ளைய மடில வச்சுக்கிட்டு முன்னால இருக்கிறத நான் பாத்தா எறக்கி பின்னால இருத்திருவேன். என்ஜின் சூடு கீழ்நாட்டு ஹயர்ல தெரியும், மலைல அது சுகம். டீசல் எங்க ரோட்ல லீட்டருக்கு 8, 9 கிலோமீட்டர்தான். 2022ல டீசல் வரிசைல நின்னப்ப அது வலிச்சுச்சு, ஆஸ்பத்திரி ஹயருக்குனு ஒரு கேன் மட்டும் தொடாம வச்சிருந்தோம்.

கொம்பனியும் எப்பவும் அந்த தறி மாதிரி நடந்துக்கல. 2009, 2010ல கார்பெட்டும் எக்ஸிலேட்டர் பெடலும் சம்பந்தமா உலகம் பூரா லட்சக்கணக்குல கார்கள திருப்பி எடுக்க வேண்டி வந்துச்சு, தலைவர் அக்கியோ டொயோடா அமெரிக்க காங்கிரசுக்கு முன்னால போய் மன்னிப்பு கேட்டாரு, 2014ல 120 கோடி டொலர் தண்டம் கட்டுனாங்க. அந்த நேரம் அதே குழுமத்துல இருந்த ஹீனோ, டைஹட்சு ரெண்டும் டெஸ்ட் முடிவுகள்ல தில்லுமுல்லு பண்ணுனதா 2022லயும் 2023லயும் ஒத்துக்கிட்டாங்க. படிச்சப்ப கோவம் வந்துச்சு, நூல் அறுந்தா நிக்கணும்னு தொடங்குன வீடு அது.

விலை பத்தி மச்சானுக்கு. 2020 மார்ச்ல வாகன இறக்குமதிய நிறுத்துன பிறகு பழைய வேன் விலை தலைகீழா போச்சு, அப்பா குடுத்த காசுக்கு இப்ப என்ஜின் கூட வராது, 2025ல திரும்ப தொறந்துவிட்டும் வரி இருக்கிற அளவுக்கு டொல்பின் விலை பெருசா எறங்கல. அதனால விலைய பேசி நேரத்த செலவழிக்காத, வண்டிய பாரு. வெளி பெயின்ட பாக்காத, கீழ படுத்து செஸியையும் படிக்கு அடில உள்ள தகட்டையும் தட்டிப் பாரு, நம்ம மழைக்கு அங்கதான் துரு. டைமிங் பெல்ட் கடைசியா எப்ப மாத்துனதுனு கேளு, 1 லட்சம் கிலோமீட்டருக்கு ஒருக்கா மாத்தணும், தெரியாதுனு சொன்னா வாங்குன அன்னிக்கே மாத்திரணும், அந்த பெல்ட் அறுந்தா என்ஜினோட உள்பக்கம் பூரா போயிரும். ரேடியேட்டர் மூடிய தொறந்து எண்ணெய் மிதக்குதானு பாரு, டெப்பட் கவர் ஓரத்துல வெரல வச்சு தடவிப் பாரு.

ஞாயித்துக்கிழமை பாஸ் அய்யாவும் வர்றேன்னு சொல்லிட்டாரு, காலைல ஆறு மணிக்கு பொகவந்தலாவைல நிக்கணும். வேன்காரர்கிட்ட நானே போன் பண்ணி சொல்லிட்டேன், நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க அண்ணே, என்ஜின் குளிரா இருக்கிறப்பவே பாக்கணும்னு.